தாளச் சக்கரமா, கலர் கட்டமா, சாக்பீஸ் வட்டமா: பாட்டு கிளாசுக்கு எத எடுக்குறது?

கைல 18,000 ரூபா இருக்குது. எங்க ஸ்கூல்ல படிச்சுட்டுப் போன பசங்க சிலர் சேர்ந்து குடுத்தது. பாட்டு கிளாசுக்கு திரையில படம் காட்டி, புள்ளைங்களே தொட்டு விளையாடி கத்துக்குற மாதிரி ஏதாவது பண்ணுங்க மிஸ்னு சொல்லித்தான் குடுத்தாங்க, ஜூன்ல ஸ்கூல் தொறக்குறதுக்குள்ள எதுன்னு முடிவு பண்ணியாகணும். நான் வாரத்துல மூணு நாள் சேலத்துல அம்மாபேட்டை பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளிக்கும் ஒரு நாள் ஏற்காடு மலை மேல ஒரு சின்ன தொடக்கப்பள்ளிக்கும் பாட்டு சொல்லிக்குடுக்க போறேன். கீழ ஒரு கிளாஸ்ல 42 பேர், செவுத்துல பெரிய டிவி ஒண்ணு மாட்டியிருக்கு, நெட்டும் முக்காவாசி நாள் வரும். மேல மொத்தமே 19 பேர், ஒண்ணாவதுல இருந்து அஞ்சாவது வரைக்கும் ஒரே ரூம், ஒரு பழைய லேப்டாப், மழைக்காலத்துல மரம் விழுந்து கம்பி அறுந்தா ரெண்டு நாள்கூட கரண்ட் வராது, பனி மூடுற நாள்ல செல்லுல ஒரு கோடு நின்னாலே பெருசு.

போன வருஷம் முழுக்க ஒவ்வொண்ணா எடுத்துட்டுப் போய் ரெண்டு இடத்துலயும் ட்ரை பண்ணி பாத்தேன். கம்ப்யூட்டர் வேலையெல்லாம் என் அண்ணன் பையன் பாத்துக்கிட்டான், இங்கதான் சேலத்துல காலேஜ் முடிச்சவன், ப்ரோக்ராம் எழுதத் தெரியும், பாட்டு தெரியாது, எனக்கு நேர் எதிர். இதே மாதிரி ஒரு முடிவுல நிக்கிற பாட்டு டீச்சருங்களுக்கு உதவும்னுதான் பாத்தத பாத்தபடியே எழுதறேன்.

எத எடுத்தாலும் நான் வெச்ச சோதனை ஒண்ணே ஒண்ணு. பத்து நிமிஷம் திரைய பாத்து பாடவோ தாளம் போடவோ விடுவேன், அப்புறம் என் துப்பட்டாவ எடுத்து டிவி மேல போட்டு மூடிருவேன். மூடினதுக்கப்புறமும் புள்ளைங்க விடாம போறாங்களா, இல்ல அங்கேயே நின்னுர்றாங்களா? நின்னுட்டா அந்தப் படம் பாட்ட சொல்லித்தரல, படத்தத்தான் சொல்லித்தந்திருக்கு. இத வெச்சுத்தான் கீழ எல்லாத்தையும் எடை போடப்போறேன்.

மொதல்ல எல்லாரும் சொல்றது கூகுள் காரங்களோட க்ரோம் மியூசிக் லேப். 2016ல வந்தது, காசு கிடையாது, லாகின் கிடையாது, ப்ரவுசர தொறந்தா போதும். அதுல சாங் மேக்கர்னு ஒண்ணு இருக்கு, கட்டம் கட்டமா இருக்கும், இடமிருந்து வலமா நேரம், கீழிருந்து மேல சுருதி, ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு கலர், கட்டத்த தொட்டா கலர் நெறையும், ப்ளே அமுக்குனா ஒரு கோடு ஓடிக்கிட்டே வாசிக்கும். உண்மையாவே நல்ல வடிவமைப்பு. நான் எதுவும் சொல்றதுக்கு முன்னாடியே ஆறாவது படிக்கிற ஒரு பொண்ணு வந்து அஞ்சு நிமிஷத்துல ஒரு மெட்டு போட்டுட்டா. செட்டிங்ல பென்டடோனிக்னு மாத்தினா அஞ்சு ஸ்வரம்தான் நிக்கும், அது அப்படியே நம்ம மோகனம், ச ரி க ப த, எந்தக் கட்டத்த தொட்டாலும் காதுக்கு உறுத்தாது, அதனால பயந்த புள்ளைங்ககூட கை வைக்குது. ஆடி மாசம் கோட்டை மாரியம்மன் பண்டிகை முடிஞ்ச வாரம் ஒரு பையன் அதுல கீழ இருக்குற ரெண்டு தாளக் கட்ட வரிசைய எடுத்து, ஒரு பீட்ட மூணா பிரிக்க சொல்லிக்கேட்டு, பம்பை அடி மாதிரியே ஒண்ண போட்டு காட்டுனான். தகிட தகிடன்னு நான் அவனுக்கு அதுவரைக்கும் சொல்லிக்குடுத்ததே இல்ல.

ஆனா துப்பட்டா போட்டதும் என்னாச்சுன்னா, "மிஸ், செவப்புக்கு அப்புறம் மஞ்சளா, ஆரஞ்சா"ன்னு கேட்டாங்க. கலர் ஞாபகம் இருக்கு, ஸ்வரம் ஞாபகம் இல்ல. இது சாங் மேக்கரோட தப்பு இல்ல, அது மெட்டு போட்டு விளையாடுறதுக்கு செஞ்ச சாமான், பாட்டுப் பாடம் நடத்தறதுக்கு செஞ்சது இல்ல. ரெண்டாவது, நாம ஆரம்பிக்கிற ராகம் அதுக்குள்ள நேரா வராது. புரந்தரதாசர் காலத்துல இருந்து மொத பாடமான சரளி வரிசைய மாயாமாளவகௌளையிலதான் ஆரம்பிக்கிறோம், 72 மேளகர்த்தாவுல, அதாவது தாய் ராகத்துல, 15ஆவது. சாங் மேக்கர்ல மேஜர்னு வெச்சா வர்றது சங்கராபரணம், 29ஆவது. மாயாமாளவகௌளைக்கு சின்ன ரி, சின்ன த வேணும், அதுக்கு 12 ஸ்வரமும் காட்டுற க்ரோமாடிக்க எடுத்து, அதுல அஞ்சு வரிசைய தொடாதீங்கன்னு புள்ளைங்ககிட்ட சொல்லணும். தொடாதீங்கன்னு சொன்னா எங்க தொடுவாங்கன்னு உங்களுக்கே தெரியும்.

மூணாவதுதான் எனக்கு பெரிய வருத்தம். கட்டத்துல கமகம் இல்ல, ஸ்வரத்த அசைச்சு வளைச்சு பாடுறோமே அது. ஒரு கட்டம்னா ஒரு ஸ்வரம், அங்கேயே நிக்கும், நம்ம பாட்டுல ஸ்வரம் நிக்கிறதே கொஞ்சம்தான். தோடியில க பாடுறோம்னா அது ரிக்கும் மவுக்கும் நடுவுல ஆடிக்கிட்டு இருக்குற ஒரு அசைவு, அத எந்தக் கட்டத்துல போய் போடுறது? சரளி வரிசை மட்டும் பாடுற வரைக்கும் பரவால்ல, வரிசையெல்லாம் முடிச்சு கீதம்ங்கிற சின்னப் பாட்டுக்கு போறப்பவே படமும் பாட்டும் வேற வேற ஆயிருது. கட்டத்த பாத்தே வளந்த காது கமகத்த பிசிறுன்னு நெனச்சுக்குமோன்னு நெஜமாவே பயந்தேன். அது போக, நெட் இல்லாம திறக்காததால மலை மேல இதப் பத்தி பேச்சே இல்ல.

அடுத்தது ஸ்க்ராட்ச். எம்.ஐ.டி. மீடியா லேப்ல செஞ்சு 2007ல வெளிய விட்டது, இப்ப இருக்குற 3.0 வெர்ஷன் 2019ல வந்தது. லேப்டாப்லயே போட்டு வெச்சுக்கலாம், நெட் வேண்டாம். ம்யூசிக் எக்ஸ்டென்ஷன சேத்தா 21 வாத்தியம், 18 தாள சத்தம், ஸ்வரத்துக்கு நம்பர், நடு ச-வுக்கு 60. சரளி வரிசைய ஒரு புள்ள தானே அடுக்கி வெச்சு வாசிக்க வெச்சா அதோட கணக்கு புரிஞ்சுருது, ஜண்டை வரிசைக்கு அதே அடுக்க ரெட்டை ரெட்டையா ஆக்குன்னு சொன்னா தானே கண்டுபிடிக்குது. எட்டாவது பசங்களுக்கு இது அருமை. ஆனா இது கணக்கு கிளாசும் கம்ப்யூட்டர் கிளாசும் சேந்த ஒரு பாட்டு கிளாஸ், ஒரு பீரியட் 40 நிமிஷம்னா 30 நிமிஷம் பிளாக்க இழுத்து ஒட்டுறதுலயே போயிருது, தொண்டைய தொறந்து பாடுறது கடைசி பத்து நிமிஷம்.

தாளத்துல இன்னொரு நுணுக்கமான பிரச்சன, என் அண்ணன் பையன்தான் கண்டுபிடிச்சான். ஸ்க்ராட்ச் செகண்டுக்கு 30 தடவதான் தன் வேலைய திரும்பிப் பாக்கும், அதாவது 33 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவ. ஒவ்வொரு அடியும் அந்த இடைவெளிக்குள்ள கொஞ்சம் கொஞ்சம் தள்ளி விழலாம், தள்ளுனது அப்படியே சேந்துக்கிட்டும் போகும். மெதுவான பாட்டுல தெரியாது, வேகமான மூணாம் காலத்துல தகதிமி போடுறப்ப மிருதங்கம் பழகுன காதுக்கு உடனே தெரியுது. தாளம் சொல்லித்தர்ற சாமானே தாளம் தப்பக்கூடாது, இதுல நான் விட்டுக்குடுக்க மாட்டேன்.

மேக்கி மேக்கின்னு ஒரு சின்ன போர்டு, இதுவும் எம்.ஐ.டி. மீடியா லேப்ல இருந்து ஜே சில்வர், எரிக் ரோசன்பாம்னு ரெண்டு பேர் 2012ல கொண்டுவந்தது. வாழைப்பழத்துல ஒயர் மாட்டி பியானோ வாசிக்கிற வீடியோ பாத்திருப்பீங்க, அதேதான். கரண்ட் கொஞ்சமா கடத்துற எதையும் கம்ப்யூட்டர் கீயா மாத்திரும். ஒருத்தர்கிட்ட இரவல் வாங்கிட்டு வந்து வாழைப்பழத்துக்கு பதிலா எவர்சில்வர் டம்ளர் எட்டு வரிசையா வெச்சோம். முன்பக்கம் ஆறு இணைப்புதான் இருக்கு, நாலு அம்புக்குறி, ஸ்பேஸ், கிளிக், அதனால ச-வுல இருந்து மேல் ச வரைக்கும் எட்டு வேணும்னா பின்பக்க பின்னுல ஒயர் எடுக்கணும். செவ்வாய்பேட்டையில கொலுசு வேல செய்யுற ஒரு அப்பாவோட பொண்ணு எங்க கிளாஸ்ல இருக்கா, அவ மறுநாள் ஜல்லடை மாதிரி ஒரு பழைய வெள்ளிக் கொலுசு துண்ட கொண்டுவந்து "இதுலயும் சத்தம் வருமா மிஸ்"னு கேட்டா, வந்துச்சு, ஒருத்தர் கைய ஒருத்தர் பிடிச்சு வரிசையா நின்னு கடைசி ஆள் கொலுச தொட்டப்பவும் வந்துச்சு. அன்னைக்கு கிளாஸ்ல இருந்த சந்தோஷத்த நான் மறக்கவே மாட்டேன்.

ஆனாலும் வாங்க வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன். 42 பேர்ல ஒரு நேரத்துக்கு ஒருத்தர்தான் தொடமுடியும், மத்த 41 பேர் வரிசையில நின்னு சண்ட போடுறாங்க, நம்ம காசுல நல்ல பங்கு இதுக்கே போயிரும். அதோட, எந்த டம்ளர தொட்டாலும் சத்தம் கம்ப்யூட்டர்ல இருந்துதான் வருது, டம்ளருக்கும் ஸ்வரத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அதே பீங்கான் கப்புல தண்ணி ஊத்தி குச்சியால தட்டுனா ஜலதரங்கம், தண்ணி ஏற ஏற சுருதி எறங்கும், அத புள்ள கண்ணால பாக்குது காதாலயும் கேக்குது, காரணமும் அங்கேயே இருக்கு. மலை ஸ்கூல்ல கரண்ட் இல்லாத ஒரு வியாழக்கிழம அதத்தான் பண்ணோம்.

டேப் ரெண்டு வாங்கி ஆப் போடுறத பத்தி ரொம்ப எழுத ஒண்ணும் இல்ல. ரெண்டு டேப்ல காசு தீந்துரும், ரெண்டு பேர் பாப்பாங்க, பாக்கி பேர் எட்டிப் பாப்பாங்க.

இப்ப நாங்களே செஞ்சத சொல்றேன். அண்ணன் பையன்கிட்ட நான் கேட்டது, "ஆதி தாளத்த எனக்கு வட்டமா காட்டுடா"ன்னு. ஏன்னா சாங் மேக்கர்ல ஆகட்டும் மத்ததுல ஆகட்டும், நேரம் ஒரு கோடா ஓடி வலது ஓரத்துல முட்டி திரும்பவும் இடது ஓரத்துக்கு தாவுது. அந்தத் தாவல் தாளத்துல கிடையாது. எட்டாவது எண்ணிக்கைக்கு அப்புறம் ஒண்ணு வர்றது தாவி இல்ல, சுத்தி வருது, தாளத்தோட ஒரு முழு சுத்துக்கு ஆவர்த்தனம்ங்கிற பேரே அதுதான். புள்ளைங்க எட்டாவதுக்கும் ஒண்ணுக்கும் நடுவுல மூச்சு வாங்கி லேட் பண்றதுக்கு பாதி காரணம் நாம அத நோட்டுல ஒரு வரியா எழுதி காட்டுறதுதான்னு நான் நெனைக்கிறேன்.

அதனால ஒரு சக்கரம், கடிகாரம் மாதிரி உச்சில ஒண்ணு, சுத்தி எட்டு புள்ளி. புள்ளிக்கு பதிலா கை படம் போட்டோம்: தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், அப்புறம் தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. மொத நாலும் ஒரு லகு, அப்புறம் ரெண்டு ரெண்டா ரெண்டு திருதம். விரல் எண்றத நாம சாதாரணமா நெனைச்சுக்கிறோம், ஆனா உலகத்துலயே பழைய காட்சிக் கருவி கைதான், ஐரோப்பாவுல 11ஆம் நூற்றாண்டுல கைடோன்னு ஒரு துறவி பேர்ல வழங்குற முறையில ஸ்வரங்கள விரல் கணுவுல வெச்சு சொல்லிக்குடுத்திருக்காங்க, நாம தாளத்த விரல்ல வெச்சிருக்கோம். திரையில நாம செய்யுறது அந்தக் கைய பெருசா காட்டுறது மட்டும்தான்னு நெனைச்சா வடிவமைப்பு நேரா வரும்.

மொத வெர்ஷன்ல கடிகார முள்ளு மாதிரி ஒரு கோடு சுத்துச்சு, முள்ளு படத்த தொடுறப்ப அது மின்னும். பாக்க அழகு, ஆனா 42 பேரும் சேந்து லேட்டா தட்டுனாங்க. ஏன்னு ரெண்டு நாள் யோசிச்சு அப்புறம்தான் பிடிபட்டுச்சு: மின்னுறத பாத்துட்டு தட்டுறாங்க, பாத்ததுக்கப்புறம் கை போறதுக்குள்ள அடி தாண்டிருது. தாளம்ங்கிறது வந்தத பாத்து தட்டுறது இல்ல, வரப்போறத எதிர்பாத்து போய் சேர்றது. அப்புறம் முள்ள எடுத்துட்டு ஒரு பந்து வெச்சோம், ஒவ்வொரு படத்துல இருந்தும் துள்ளி எழும்பி அடுத்த படத்துல விழும், மேல போறப்ப மெதுவா, விழறப்ப வேகமா, நெஜமா பந்து விழுற மாதிரியே. விழப்போற நேரம் கண்ணுக்கு முன்னாடியே தெரிஞ்சுருது, ஆறு வயசு புள்ளகூட பந்தோட சேந்து தட்டுச்சு. மின்னுறதுக்கும் துள்ளுறதுக்கும் இவ்வளவு வித்தியாசம் இருக்கும்னு நான் நெனைக்கவே இல்ல, நீங்க செஞ்சா மொதல்லயே பந்துல ஆரம்பிங்க.

அடுத்து துப்பட்டாவ சக்கரத்துக்குள்ளயே வெச்சுட்டோம். ரெண்டு ஆவர்த்தனம் எல்லாம் தெரியும், மூணாவதுல பந்து மறையும், நாலாவதுல கை படமும் மறையும், சத்தமும் நின்னுரும், வெறும் வெள்ளைத் திரை, அஞ்சாவதோட ஒண்ணுல எல்லாம் திரும்ப வரும். வர்றப்ப நாம கரெக்டா ஒண்ணுல இருக்கமா? இதுதான் புள்ளைங்களுக்கு விளையாட்டு. சரியா இருந்தா அவங்களே கத்துறாங்க, தப்புனா அவங்களுக்கே தெரியுது, நான் ஒரு வார்த்த சொல்ல வேண்டியதில்ல. மறையுற ஆவர்த்தனத்த ஒண்ணு, ரெண்டு, நாலுன்னு கூட்டிக்கிட்டே போகலாம். மலை ஸ்கூல்ல மூணாவது படிக்கிற ஒரு பையன் நாலு ஆவர்த்தனம் கண்ண மூடிக்கிட்டு போட்டு சரியா வந்து விழுந்தான்.

செய்யப்போறவங்களுக்கு சில விஷயம். பக்கத்த ஒரே ஃபைலா வெச்சு பென்ட்ரைவ்ல எடுத்துட்டுப் போனோம், சத்தத்த தனி ஃபைலா வெச்சா நெட் இல்லாம நேரா தொறக்குறப்ப க்ரோம் அத எடுக்க விடாது, அதனால மிருதங்க சத்தத்த அந்த ஃபைலுக்குள்ளயே எழுத்தா மாத்தி பொதிஞ்சு வெக்கணும். அடி விழுற நேரத்த சாதாரண டைமர் வெச்சு எண்ணக்கூடாது, ப்ரவுசரோட ஆடியோ கடிகாரத்துல கொஞ்சம் முன்கூட்டியே பதிஞ்சு வெச்சா ஆடாம அசையாம விழும், ஸ்க்ராட்ச்ல வந்த பிரச்சன இதுல வரல. தொறந்ததும் சத்தம் வரலைன்னு பயப்படாதீங்க, ஒரு தடவ திரைய தொட்டாத்தான் ப்ரவுசர் சத்தம் போட விடும், அதனால மொத திரையிலயே பெருசா ஒரு கை படம் வெச்சு தொடச் சொல்லுங்க. ப்ளூடூத் ஸ்பீக்கர் மட்டும் வேண்டவே வேண்டாம், 100 மில்லிசெகண்டுக்கு மேலகூட சத்தம் பின்னாடி வரும், பந்து ஒரு பக்கம் சத்தம் ஒரு பக்கம்னு ஆயிரும், ஒயர் ஸ்பீக்கர்தான். கலர மட்டும் நம்பி எதையும் வெக்காதீங்க, எங்க கிளாஸ்லயே ஒரு பையனுக்கு செவப்பும் பச்சையும் ஒண்ணாத்தான் தெரியுது, அவன் சொன்னதுக்கப்புறம்தான் எனக்கே தோணுச்சு, தட்டுக்கும் வீச்சுக்கும் கலர் மாத்தாம உருவத்த மாத்துனோம்.

குரலுக்கு கோடு காட்டுற சாமானும் பாத்தேன். ப்ராட்னு ஒரு இலவச சாஃப்ட்வேர், ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்துல பேச்ச ஆராயுறதுக்காக செஞ்சது, பாடுனத பதிஞ்சு குடுத்தா சுருதி ஏறி எறங்குறத கோடா போட்டுக் காட்டும். கட்டத்துல தொலைஞ்சு போன கமகம் இங்க அப்படியே கிடைச்சுச்சு. நான் தோடி க பாடி கோட்ட காட்டுனப்ப எட்டாவது பசங்க "மிஸ், இது நிக்கவே இல்லையே, மலை ரோடு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போகுது"ன்னு சொன்னாங்க, 20 கொண்டை ஊசி வளைவு பாத்த ஊரு புள்ளைங்க வேற எப்படி சொல்லும். ஆனா 42 பேர் ஃபேனுக்கு கீழ சேந்து பாடுனா கோடு சிதறிப் போகுது, ஒருத்தர் ஒருத்தரா மைக் பக்கத்துல பாடணும். இன்னொண்ணு, கூச்சப்படுற புள்ள தன் கோடு வளைஞ்சு இருக்குறத எல்லாரும் பாக்குறப்ப அடுத்த தடவ வாயே தொறக்கல. அதனால டிவில போடக்கூடாது, லேப்டாப்ல அந்தப் புள்ளையும் நானும் மட்டும் பாக்கணும். எந்த சாமான் ஆனாலும் ச-வ மாத்த முடியணும், நம்ம புள்ளைங்களுக்கு 5 கட்டை சுருதி பக்கம்தான் வசதி, ச 196 ஹெர்ட்ஸ், மேல் ச 392, நிறைய ஆப்ல ஒரு கட்டையிலயே ஆணி அடிச்ச மாதிரி வெச்சிருக்காங்க.

கடைசியா, காசே இல்லாதது, ஆனா நான் அதிகமா யோசிச்சது. சிலப்பதிகாரத்துல ஆய்ச்சியர் குரவையில மாதரி ஏழு பொண்ணுங்கள கூப்பிட்டு நிக்க வெச்சு, ஒவ்வொருத்திக்கும் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம்னு ஸ்வரத்தோட பேரையே வெக்கிறா, அப்புறம் கைகோத்து ஆடுறாங்க. இத நான் படிச்சது எப்பவோ, ஒரு நாள் மலை மேல கரண்ட் இல்லாம உக்காந்திருக்கிறப்ப திடீர்னு ஒறச்சுது: இது காட்சிக் கருவிதானே, புள்ளைங்களே தொடுற சாமான், புள்ளைங்களே ஸ்வரம்.

வராண்டாவுல சாக்பீஸ்ல பெரிய வட்டம் போட்டு 12 வீடா பிரிச்சேன். மாயாமாளவகௌளைக்கு ஏழு பேர 1, 2, 5, 6, 8, 9, 12ஆம் வீட்டுல நிக்க வெச்சேன். நிக்க வெச்சதும் அவங்களுக்கே தெரிஞ்சுது, ச ரி ஒட்டி நிக்குது, ரெண்டு வீடு காலி, க ம ஒட்டி நிக்குது, அப்புறம் ப த ஒட்டி, ரெண்டு வீடு காலி, நி மேல் ச ஒட்டி. முதல் பாதியும் ரெண்டாம் பாதியும் ஒரே அச்சு. இத்தன வருஷமா இந்த ராகத்துல ஏன் ஆரம்பிக்கிறோம்னு வாயால சொல்லியிருக்கேன், அன்னைக்குத்தான் ஒரு நாலாவது படிக்கிற புள்ள அத என்கிட்ட சொல்லுச்சு. யார நான் தொடுறனோ அவங்க தன் ஸ்வரத்த பாடணும், தம்பூராவுக்கு என் செல்லுல சுருதி.

அடுத்த வாரம் மோகனம், அஞ்சு பேர், 1, 3, 5, 8, 10. பாடி முடிச்சதும் யாரையும் நகத்தாம, க-வா நின்ன பொண்ணப் பாத்து "இப்ப நீதான் ச"ன்னேன். அவகிட்ட இருந்து அதே அஞ்சு பேர் வரிசையா பாடுனா ஹிந்தோளம். ரி-கிட்ட ஆரம்பிச்சா மத்யமாவதி, ப-கிட்ட சுத்த சாவேரி, த-கிட்ட சுத்த தன்யாசி. இப்படி ச-வ இடம் மாத்தி வேற ராகம் கொண்டுவர்றதுக்கு பேரு கிரகபேதம், நான் அந்த வார்த்தைய சொல்லவே இல்ல, பெரியவங்க மேடையில செய்யுறது அதுன்னும் சொல்லல, ஆனா அந்தப் பொண்ணு "அதே ஆளுங்கதான், ஆனா வேற பாட்டு மாதிரி கேக்குது மிஸ்"னு சொன்னப்ப எனக்கு கண்ணு கலங்கிருச்சு. ஒரு மாசம் கழிச்சு வட்டமே இல்லாம உக்கார வெச்சு கேட்டேன், ஒவ்வொருத்தரும் தன் ஸ்வரத்த விடல, பக்கத்துல யார் நின்னாங்கங்கிறத வெச்சு பிடிச்சுக்கிட்டாங்க. துப்பட்டா சோதனையில இந்த அளவுக்கு வேற எதுவும் தேறல.

குறையும் இருக்கு. 42 பேர் கிளாஸ்ல ஏழு பேர் நின்னா 35 பேர் பாக்குறாங்க, ரெண்டு ரவுண்டுக்கு மேல கவனம் நிக்காது. கீழ் ஸ்கூல்ல வராண்டாவும் அவ்வளவு அகலம் இல்ல, கிரவுண்ட்ல போடணும், வெயில்ல முடியாது. அதனால அங்க இதே 12 வீட்டு வட்டத்த திரையிலயும் செய்யச் சொல்லியிருக்கேன், ஆள் படத்த இழுத்து வீட்டுல விடலாம், வட்டத்த திருப்பலாம். ஆனா மொதல்ல ஆள் நின்னு பாடணும், அப்புறம்தான் திரை. திரையில மொதல்ல பாத்தா அதுவும் இன்னொரு கலர் கட்டமா ஆயிரும்.

ஆக முடிவு இப்படி எடுத்திருக்கேன். டேப் இல்ல, மேக்கி மேக்கி இல்ல. தாளத்துக்கு சக்கரம், ரெண்டு ஸ்கூலுக்கும், இதுல எனக்கு சந்தேகமே இல்ல, ஏன்னா தாளத்துல படம் பொய் சொல்லல, வட்டம் வட்டமாவே இருக்கு. ஸ்வரத்துக்கு தரையில வட்டம். கீழ் ஸ்கூல்ல வெள்ளிக்கிழம கடைசி பீரியட் சாங் மேக்கர், சொந்தமா மெட்டு போடுற ஆசைய அது மாதிரி வேற எதுவும் கிளப்பல, அத நான் எடுத்துறப்போறது இல்ல. குரல் கோடு எட்டாவதுக்கு மட்டும், தனித்தனியா. ஸ்க்ராட்ச்ச கம்ப்யூட்டர் சொல்லித்தர்ற சார்கிட்ட குடுத்துட்டேன், ஜண்டை வரிசை அடுக்குறத அவர் பீரியட்ல செய்ய ஒத்துக்கிட்டாரு.

காசு எதுக்குன்னா, ரெண்டு ஸ்கூலுக்கும் ஒயர் ஸ்பீக்கர், ஒரு நல்ல மைக், மலை லேப்டாப்புக்கு புது பேட்டரி, ஜலதரங்கத்துக்கு பீங்கான் கப்பு, அப்புறம் மலை ஸ்கூல் வராண்டாவுல வட்டம் அழியாம இருக்க எனாமல் பெயின்ட், வெள்ளையும் மஞ்சளும். வட்டம் எந்தப் பக்கம் சுத்தணும்ங்கிறதுல மட்டும் கொஞ்சம் தடுமாறுனேன், ஆய்ச்சியர் குரவையில பேர் வெக்கிறது இடமுறையா, எங்க தாளச் சக்கரம் கடிகாரம் மாதிரி வலமா. ஒரே புள்ளைக்கு தரையில ஒரு திசை, திரையில ஒரு திசைன்னு குடுக்க மனசு வரல, அதனால ரெண்டும் வலமாவே இருக்கட்டும்னு ஹெச்.எம். சார்கிட்ட சொல்லிட்டேன். மே கடைசி சனிக்கிழம பெயின்ட் அடிக்கிறோம், மலைக் குளிருக்கு காய ரெண்டு நாள் ஆகும்னு பெயின்டர் அண்ணன் சொல்றாரு, ஸ்கூல் தொறக்குற அன்னைக்கு ஏழு பேர் அதுல நிக்கலாம்.